தச்சநல்லூர் அத்தைக்கு ஒரு கம்ப்யூட்டர்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே என்னவோ ஒரு கார்டு. அது எதற்கு உதவும் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பக்கத்து இருக்கைப் பெண் கத்தரிக்கோலால் அட்டையைக் கிழித்து, உள்ளே இருந்த சாம்பல் நிறப் பளபளப்புப் பையைப் பிரித்தாள் பாருங்கள், குப்பென்று ஒரு வாசனை. புது போர்டின் வாசனை. ஈயம் பற்றவைத்த மணமும் புதுச் செருப்பு மணமும் சேர்ந்த மாதிரி இருக்கும். "அந்தப் பையைக் கொஞ்சம் குடும்மா" என்று வாங்கி மூக்கில் வைத்து இழுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். சென்னையில் ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருந்த நான் அந்த நிமிஷம் தச்சநல்லூரில் பிரமு அத்தை வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவர், நெற்றியில் வேர்வை.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. நீங்கள் அகப்பட்டீர்கள், கேளுங்கள்.

அப்போது எனக்கு வேலை திருநெல்வேலிக்கு வெளியே ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். காலையில் எல்லாக் கம்ப்யூட்டரையும் போட வேண்டும், சாயங்காலம் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் ஏன் படுத்தது என்று ஆள் ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வீடு முக்கூடலில். தினமும் பஸ். சொந்தக்காரர்களிடம் என் பெருமை வேறு மாதிரி பரவியிருந்தது. "அவன் கம்ப்யூட்டர்லல்லா இருக்கான்" என்பார்கள், என்னமோ நான் அதற்குள்ளேயே குடியிருப்பதுபோல. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிட விடமாட்டார்கள். செல்போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒரு சித்தி மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதையும் நான் கழற்றிப் பார்த்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

பிரமு அத்தை என் அப்பாவின் அக்கா. முழுப் பெயர் பிரமநாயகி. மாமா சின்ன வயதிலேயே போய்விட்டார். வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி ஒரே மகனைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். பிறகு ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் வந்தது, டைப் படிக்க ஆள் வருவது நின்றது. அத்தை அதற்காக ஒரு நாள்கூடக் கண்ணைக் கசக்கவில்லை. மிஷின்களை விற்றாள். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் வகுப்பில் கட்டினாள். அறுபதைத் தொடுகிற வயதில், பாளையங்கோட்டை அச்சகங்களுக்குப் புத்தகம் அடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். "மிஷினுக்குப் போயி யாராவது அழுவாவளாலே? வெரலு இருக்குல்லா" என்றாள்.

மகன் சங்கரன் அத்தான் பெங்களூரில் இருந்தார். நல்ல வேலை, நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும்.

"எம்மா, ஒத்தையில அங்கன கெடந்து என்ன செய்யுத? இங்கன வந்து நிம்மதியா இரி."

"நிம்மதியா இருந்து என்னத்துக்கு? இங்க வேலை கெடக்குலே."

அத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மருமகளைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டாள். "தங்கமான பிள்ளை. ஒரு தம்ளரைக் கழுவ விடமாட்டேங்கா. காலையில எந்திரிச்சு, குளிச்சு, சோபாவுல உக்காந்தா, அடுத்தாப்புல என்ன? சாயங்காலந்தான்" என்றாள். சொல்லும்போது அவள் விரல்கள் சும்மாவே மடியில் தட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இவளைச் சோபாவில் உட்காரவைத்தால் ஆறு மாதம் தாங்க மாட்டாள் என்று. அத்தானுக்கு மட்டும் அது தெரியவில்லை.

வீட்டில் இருந்தது அத்தான் ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர். மூன்று பக்கம் அடித்தால் ஒரு பக்கத்தை விழுங்கிவிடும். அப்படியே உறைந்து நிற்கும். சின்னச் சின்னப் புத்தகமாக இருந்தவரைக்கும் அத்தை திட்டிக்கொண்டே சமாளித்தாள். அப்போதுதான் அச்சக அண்ணாச்சி அந்தப் பெரிய வேலையைக் கொடுத்தார். ஒரு சித்த வைத்தியர் ஆயுசு முழுக்க எழுதிய மூலிகைப் புத்தகம். தலையணைக்கு வைக்கலாம், அவ்வளவு கனம். வைத்தியருக்குச் சதாபிஷேகம் வருகிறது, அந்த மேடையில் புத்தகம் வெளியாக வேண்டும். நட்சத்திரம் பார்த்துக் குறித்த நாள், தள்ளிப்போட முடியாது.

அத்தானுக்கு விஷயம் தெரிந்தது. "அந்த ஓட்டைப் பொட்டிய வச்சுக்கிட்டு எப்படிம்மா முடிப்ப? முடியாதுன்னு சொல்லிட்டுக் கெளம்பி வா" என்றார். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முடிச்சுக் காட்டுதேன். முடிக்கலைன்னா நானே பொட்டியக் கட்டிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வந்துருதேன். அதுக்கப்புறம் வேலைன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

"சொன்ன சொல்லு மாறப்பிடாது, பாத்துக்கோ" என்றார் அத்தான். இரண்டும் ஒரே ரத்தம்தானே, ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

மறுநாள் காலையில் எனக்குப் போன்.

"மருமவனே, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு குடுலே."

"வாங்கித் தரட்டுமா அத்தை?"

"வாங்குனது ஒண்ணு கெடக்குல்லா, அதோட லெச்சணத்தைத்தான் பாத்துட்டனே. நீ உள்ள இருக்க ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துப் பொறுக்கிப் போட்டுச் செய்யி. படம் பாக்க வேண்டாம், பாட்டு கேக்க வேண்டாம். நான் அடிக்கணும், அது வாங்கிக்கிடணும். நடுவுல நிக்கப்பிடாது. அவ்வளவுதான்."

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவரை நான் எத்தனையோ கம்ப்யூட்டரைப் பிரித்திருக்கிறேன், மாட்டியிருக்கிறேன். எல்லாம் ஊரான் வீட்டுப் பெட்டி. ஒரே ஒரு ஆளுக்காக, அந்த ஆளின் பத்து விரலுக்காக, முதல் ஆணியிலிருந்து நானே யோசித்து ஒன்றைச் செய்வது என்றால் சும்மாவா? பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் படம் போட்டேன். முக்கூடல் ஸ்டாப்பில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி நடந்தேன். நடந்ததுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜங்ஷனில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் காஜா பாய் கடை. பாய் மேலப்பாளையத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒற்றை ஆள் ஏறுகிற படி. பாதிப் படி ஏறும்போதே இந்த வாசனை வந்து மூக்கைப் பிடிக்கும். சாம்பல் பைகள், அட்டைப் பெட்டிகள், சுருட்டிப் போட்ட ஒயர்கள், நடுவில் பாய். சாமான் வாங்க வருகிறவர்கள் பாதி நேரம் சாமான் வாங்காமல் பேசிவிட்டுத்தான் போவார்கள். நானும் அந்த ஜாதிதான்.

"யாருக்கு வே? காலேஜ் பையனுக்கா? லைட்டு வச்ச கேபினெட்டு வந்திருக்கு, நீலமா எரியும், பாரும்" என்றார் பாய்.

"எங்க அத்தைக்கு பாய். நிக்காம ஓடணும். அத்தை ஊர்ல இருக்கதும் பெங்களூருக்குப் போறதும் இதுலதான் இருக்கு."

கதையைச் சொன்னேன். பாய் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப வெளையாட்டு இல்ல வே. லைட்டெல்லாம் வேண்டாம், அங்கன வையும். நாம வண்டி மாடு மாதிரி ஒண்ணு செய்வோம்."

பவர் சப்ளைப் பெட்டியைப் பாய் எப்படிப் பொறுக்குவார் தெரியுமா? தேங்காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால்தான் உள்ளே சரக்கு. லேசாக இருப்பதை உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்துவிடுவார். ஹார்ட் டிஸ்க் இரண்டு போட்டோம், அடிப்பதெல்லாம் இரண்டிலும் விழும்படி. ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றதில் அத்தையின் மூலிகை பத்திரமாக இருக்கும். யு.பி.எஸ்ஸும் பெரியதாக எடுத்தோம். அது மின்வெட்டுக் காலம், உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வீட்டில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், விசிறி நிற்பதை வைத்தே நேரம் சொல்வார்கள்.

கீபோர்டில்தான் சிக்கல். அத்தை டைப்ரைட்டரில் பழகிய கை. தட்ட மாட்டாள், அறைவாள். சாதாரணக் கீபோர்டு அவளிடம் மழைக்காலம் வரைக்கும் தாங்காது, எழுத்துக்கள் ஒவ்வொன்றாகப் பல் விழுவதுபோல விழும். இதைச் சொன்னதும் பாய் எழுந்துபோய் ஒரு சாக்குமூட்டையைக் குடைந்தார். ஏதோ ஒரு வங்கியில் கழித்துப்போட்டதாம், மஞ்சள் பாரித்த பழைய கீபோர்டு. தூக்கவே இரண்டு கை வேண்டும். ஒரு கட்டையை அமுக்கினால் டொக் என்று மாடிப்படி வரைக்கும் கேட்டது. "இதைத் தூக்கி ஒருத்தனை அடிச்சா அவன் போயிருவான் வே, கீபோர்டு போவாது" என்றார் பாய். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். போன் பண்ணிவிட்டுத்தான் போனேன். அத்தை வீட்டுக்குச் சொல்லாமல் போகவே கூடாது. சாப்பாட்டுக்கு ஒன்றும் செய்து வைக்கவில்லையே என்று அன்று முழுக்கப் புலம்புவாள். தவிர, அவளுக்கு வீட்டைத் தயார் பண்ண வேண்டும். அந்த வீட்டில் உறை போடாத சாமான் கிடையாது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, போனுக்கு உறை, பிரிட்ஜ் தலைக்கு ஒரு விரிப்பு, கைப்பிடிக்கு ஒரு சட்டை. எல்லாம் அத்தையே தைத்தது, ஓரத்தில் சுருக்கு வைத்து. ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் அத்தனையும் கழன்றுவிடும். சாமான் பளபளவென்று இருப்பதை நாலுபேர் பார்க்க வேண்டாமா? விருந்தாளி தெருமுனை திரும்பியதும் மறுபடி எல்லாம் மாட்டப்படும். உறவுக்காரப் பிள்ளைகள் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் மடித்து அடுக்கிய உறைகளைப் பார்த்ததோடு சரி, உறை போட்ட அந்த வீட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

செருப்பை வாசலில் விட்டு, கைகால் கழுவிய பிறகுதான் என்னை உள்ளேயே விட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ரூம் இப்படித்தான் இருந்தது. வாசலில் நாற்பது சோடிச் செருப்பு கிடக்கும். உள்ளே போய்க் கும்பிடாத குறையாக நிற்போம். செருப்புத் தூசி பட்டால் வைரஸ் வந்துவிடும் என்று ஒரு சார் சொன்னார், நாங்களும் நம்பினோம். அந்த நினைப்பிலோ என்னவோ நானும் அத்தையிடம் பெரிய மனுஷன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். "தூசிதான் அத்தை கம்ப்யூட்டருக்கு எமன். பின்தெருவுல அரிசி ஆலை வேற இருக்கு. உமி பறந்து உள்ள போயிராமப் பாத்துக்கிடுங்க." அத்தை பயபக்தியோடு தலையாட்டினாள். இந்த வார்த்தையை நீங்களும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வந்தால் விரிக்கிற பத்தமடைப் பாயை எனக்கு விரித்துப் போட்டாள். நான் அதன்மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அத்தை எதிரில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிராசசர் மேல் வெள்ளைப் பசையைத் தடவினேன்.

"இது என்னலே, திருநீறா?"

"சூட்டைக் கடத்துத பசை அத்தை."

"சூடு வருமாக்கும் அதுக்கு?"

"வரும். அதுக்குத்தான் மேல ஒரு விசிறி. பின்னால ஒரு விசிறி."

"பாவம், நம்மளை மாதிரித்தான்" என்றாள்.

எல்லாம் மாட்டி முடித்தேன். அத்தை கேபினெட்டின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள். தேங்காய் உடைக்கிறேன் என்று எழுந்தவளைக் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்தேன். "அமுக்கட்டுமா?" "முருகா, அமுக்கு." அமுக்கினேன். வீடே அணைந்தது! விசிறி நின்றது, டியூப் லைட் நின்றது. யு.பி.எஸ் புதியது, இன்னும் சார்ஜ் ஏறவில்லை. நான்தான் எதையோ வெடிக்க வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தை எழுந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எல்லா வீட்டுலயும் போயிட்டுலே. கரண்ட் போற நேரந்தான்" என்றாள். அப்புறம் நாங்கள் இரண்டுபேரும் சிரித்தோம் பாருங்கள், வயிறு வலிக்கச் சிரித்தோம். கரண்ட் வரும்வரை சோறு சாப்பிட்டோம். வந்ததும் மறுபடி அமுக்கினேன். விசிறி சுற்றியது, திரை எரிந்தது. அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்தக் கீபோர்டில் கை வைத்தாள். டொக் டொக் டொக்கென்று கூடமே அதிர்ந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்ஸ்டிடியூட் நாட்களுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அத்தை தினமும் போனில் பேசுவாள். அவள் பேச்சே மாறிவிட்டது. யார் இருமினாலும் மருந்து சொன்னாள். "சளிக்கு ஆடாதோடை மருமவனே, நேத்துதான் அடிச்சேன்" என்பாள்.

பிறகு ஒரு மத்தியானம் அந்தப் போன் வந்தது. "நின்னுட்டுலே. அடிச்சுக்கிட்டே இருக்கேன், டப்புனு அணைஞ்சு போச்சு."

"கரண்ட்டு?"

"கரண்ட்டு இருக்கு. விசிறி ஓடுது. இது மட்டுந்தான் செத்துக் கெடக்கு. கொஞ்ச நேரங் கழிச்சுப் போட்டா ஓடுது. மறுபடி நிக்குது."

ஓடினேன். அதாவது, போன் பண்ணிவிட்டு ஓடினேன். நான் போனால் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடுகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு சிணுங்கல் இல்லை. சூடாகிறதோ என்று பார்த்தேன், கைபொறுக்கிற சூடுதான். பசையை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போன்: "நின்னுட்டுலே."

காஜா பாய் எர்த் சரியில்லை என்றார். அத்தை கொல்லையில் எர்த் குழியில் துளசிக்கு ஊற்றுவதுபோல தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். நின்றது. பவர் சப்ளையை மாற்றினோம். நின்றது. மெமரிக் கார்டை மாற்றினோம். அதற்கும் நின்றது. பாய் தன் கடையில் வைத்திருந்த சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போர்டையே கழற்றிக் கொடுத்தார். "போட்டுப் பாரும் வே. எனக்கு இது கௌரவப் பிரச்சனையாப் போச்சு" என்றார். நான் இருந்தவரை ஓடியது. நான் வீடு திரும்பியதும் நின்றது.

"ஒன்னைக் கண்டா ஒழுங்கா இருக்குலே. வாத்தியாரைக் கண்ட பிள்ளை கணக்கா" என்றாள் அத்தை. "ஒன் சட்டை ஒண்ணைக் கழத்தி அதும்மேல போட்டுட்டுப் போ. நீ இருக்கன்னு நெனைச்சுக்கிடட்டும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. புத்தகத்தில் பாதி அப்படியே கிடந்தது. சதாபிஷேகப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அத்தான் நல்ல மனசோடு ரயிலில் இடம்வேறு போட்டுவிட்டார், வர ஒரு டிக்கெட், திரும்பிப் போக இரண்டு டிக்கெட். கம்ப்யூட்டரில் இருக்கிறவனாம் நான்!

அப்புறம் ஒரு நாள் கல்லூரியில் ஏதோ காரணத்துக்காக மத்தியானமே விட்டுவிட்டார்கள். அத்தை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. போன் பண்ணலாம் என்று எடுத்தால் செல் செத்துக் கிடக்கிறது. முந்தைய இரவு முழுக்க எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, சார்ஜ் ஏறவில்லை. சரி, திட்டினால் திட்டட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

தெருவில் நுழையும்போதே டொக் டொக் சத்தம் கேட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அப்படியே நின்றுவிட்டேன். கூடம் முழுக்க உறை. டிவி மூடியிருக்கிறது, போன் மூடியிருக்கிறது. அத்தை பழைய வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் காலடியில், மேஜைக்கு அடியில், அரக்கு நிற வெல்வெட்டில், ஓரமெல்லாம் சுருக்கு வைத்து, முன்னால் பொத்தானுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என் கம்ப்யூட்டர்! உள்ளே விசிறிகள் மூச்சு முட்டி அலறுகிற சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. தொட்டேன். தோசைக்கல்.

"அத்தை! இது என்னது?"

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏலே, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க? சோத்துக்கு என்ன செய்ய இப்பம்? வீடு கெடக்க கெடையைப் பாரு." அவள் கை தன்னால் டிவி உறையைக் கழற்றப் போனது.

"டிவியை விடுங்க. இதுக்கு எதுக்கு இந்தச் சட்டை?"

"உறைலே. தூசிதான் எமன்னு நீதானே சொன்ன?"

"ஓடும்போதுமா போட்டு வைப்பீங்க?"

"ஓடும்போது தூசி வராதாக்கும்?"

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் வரும்போது ஏன் அத்தை இதைப் போடல?" என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீ வரும்போது எப்படிலே போடுவேன்? நீ விருந்தாளில்லா?"

விஷயம் புரிந்ததும் அத்தைக்கு முகம் சிவந்தது. ஒரு நிமிஷந்தான். எழுந்துபோய்த் தையல் கத்தரியை எடுத்துவந்தாள். உறையைத் தூக்கி எறிவாள் என்று பார்த்தால், பின்பக்கம் விசிறி இருக்கிற இடத்தை விரலால் அளந்து வெல்வெட்டை வட்டமாக வெட்டினாள். பிரியாமல் இருக்க ஓரம் மடித்துத் தைத்தாள். பக்கவாட்டிலும் இரண்டு. "ஓடும்போது கழத்திருதேன். நிக்கும்போது போடுதேன். மறந்துபோயிப் போட்டாலும் மூச்சு விடட்டும்" என்றாள். தைத்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் ரவிக்கைக்குக்கூட முதுகுல இவ்வளவு எறக்கம் வச்சதில்லலே" என்றாள். காஜா பாயிடம் போய்ச் சொன்னேன். பாய் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தார். பாத்திரக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. அத்தையும் நிற்கவில்லை. கரண்ட் போனால் யு.பி.எஸ் தாங்குகிறவரை அடிப்பாள். அது கத்த ஆரம்பித்தால் எழுந்து உலை வைப்பாள். அத்தான் குறித்தபடி ரயிலில் வந்து இறங்கினார். நானும் அன்று அங்கே இருந்தேன், சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அத்தான் பையைக் கீழே வைத்து, "கெளம்புவோமாம்மா?" என்று கேட்டார். அத்தை அவர் கையில் ஒரு சி.டி.யைக் கொடுத்தாள்.

"இதைக் கொண்டுபோயிப் பாளையங்கோட்டையில அச்சகத்து அண்ணாச்சி கையில குடுத்துட்டு வா. பைய போ, கீறல் விழுந்திரப்பிடாது."

அத்தான் சி.டி.யைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேலே விசிறியைப் பார்த்தேன். "முடிச்சிட்டியாக்கும்?" என்றார். "பின்ன?" என்றாள் அத்தை. அவர் சி.டி.யைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வந்த களைப்போடு பஸ் ஏறப் போனார். அன்று மத்தியானம் அத்தை வைத்த புளிக்குழம்பு மாதிரி நான் பிறகு சாப்பிட்டதில்லை.

அத்தை பெங்களூருக்குப் போகவே இல்லை. விருந்தாளியாகப் போவாள், "வேலை கெடக்கு" என்று வந்துவிடுவாள். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒன்றை மாற்றிக் கொடுப்பேன். கடைசியில் பழையது என்று மிஞ்சியது கேபினெட்டும் கீபோர்டும் அந்த வெல்வெட் உறையும்தான். மின்வெட்டு போய்விட்டது. சி.டி. போய்விட்டது. காஜா பாய் கடையில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். பாயும் துபாய்க்குப் போய்விட்டார். இப்போது வருகிற பெட்டிகளைத் திறக்க முடியாது, திறந்தால் மூட முடியாது. உள்ளே யார் பொறுக்கிப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

போன வருஷம் அத்தையும் போய்விட்டாள். காலையில் காப்பி குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, அணைத்து உறை போட்டுவிட்டு, சற்றுச் சாய்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டிருந்தார்கள். கூடத்துக்குள் நுழைந்தேன். டிவியில் உறை கிடந்தது. போனில் உறை கிடந்தது. மேஜைக்கு அடியில் அரக்கு வெல்வெட் போட்டபடி இருந்தது. நான் வருகிறேன் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். சொல்லிவிட்டுப் போன நாளில் அந்த வீட்டில் உறைகளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அத்தான் அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வேலை கெடக்கு, வேலை கெடக்கும்பா. அம்மா சாக்குச் சொல்லுதான்னே நான் நெனைச்சேன்லே" என்றார். பிறகு, "இது இன்னும் ஓடுமா?" என்று கேட்டார். நான் உறையைக் கழற்றி, அத்தை மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து வைத்தேன். பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது, திரை எரிந்தது. நிற்குமோ என்று இரண்டுபேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நிற்கவில்லை. அடிக்கத்தான் ஆள் இல்லை.